கரண்ட் பில்: எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீடிங் எடுத்த அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் நாலைந்து பேர் போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "இதைக் கொஞ்சம் பாருங்க, சரியாத்தான் போட்டிருக்காங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கூட்டிப் பார்த்தால் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். மின்கட்டணம் என்றாலே மக்களுக்கு வரும் கோபத்தில் பாதி விலையால் வருகிறது, மீதிப் பாதி இப்படி விளக்கம் இல்லாமல் விட்டதால் வருகிறது என்பது என் அனுபவம். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதில் உள்ள வீட்டு வீதங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. 2025 ஜூலையில் மற்ற இணைப்புகளுக்கு 3.16% ஏறியபோது வீடுகளுக்கான உயர்வைத் தமிழக அரசே ஏற்றுக்கொண்டதால் நம் பில்லில் மாற்றம் வரவில்லை.

போன தடவை 1,805 ரூபாய். இந்தத் தடவை 2,057. ரெண்டே ரெண்டு யூனிட்தான் கூட ஓடியிருக்கு. எப்படி?

போன தடவை 500 யூனிட், இந்தத் தடவை 502. நடுவில் இருக்கும் 500 என்ற கோடுதான் காரணம்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு இப்படிப் போகும்: முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. கூட்டினால் 235, 940, 630. மொத்தம் 1,805.

ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால், கூடுதலான அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் புது விலை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 101 முதல் 200 வரைக்குமான பாதி விலைச் சலுகையே போய்விடும். அந்த நூறு யூனிட்டும் 2.35-இல் இருந்து 4.70-க்கு மாறும். அதிலேயே 235 ரூபாய். அதன்மேல் 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. ஆக அந்த ஒற்றை யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 243 ரூபாய் 40 காசு. ஒரு டேபிள் ஃபேனை ஒரு நாள் முழுக்க ஓட்டினால் ஆகிற மின்சாரம் அது.

501-க்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55 என்று ஏறிக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. அதிகம் எரிக்கிறவர் அதிகம் கொடுப்பது நியாயம்தான். முந்தைய நூறு யூனிட்டின் விலையைப் பின்னோக்கிப் போய் மாற்றுவதைத்தான் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

500-ஐத் தாண்டினால் முதல் 100 யூனிட் இலவசமும் போயிடுமா?

போகாது. 2016 மே 23-இல் ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்றபோது போட்ட உத்தரவுகளில் ஒன்று இது. எத்தனை யூனிட் ஓடினாலும் முதல் 100 எல்லா வீட்டுக்கும் உண்டு. அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. 100-க்குள் நிற்பதால் பில்லே கட்டாத வீடுகள் ஏறக்குறைய 1 கோடி என்று அரசு சொல்கிறது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது இலவசத்தைப் பிடுங்கத்தான் இது என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. சேர்த்த பிறகும் 100 யூனிட் தொடர்கிறது.

ரீடிங் எடுக்க ஒரு வாரம் தாமதமா வந்தா நமக்கு நஷ்டமா?

ஆம். 500-ஐ ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு நிச்சயம் நஷ்டம்.

ஒரு வீட்டில் 66 நாளுக்கு 508 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் பில் 2,107 ரூபாய். சரியாக 60-ஆம் நாள் ரீடிங் எடுத்திருந்தால் அதே வேகத்தில் 462 யூனிட்தான் இருந்திருக்கும். பில் சுமார் 1,566 ரூபாய். வித்தியாசம் 541.

இந்த 541-உம் நஷ்டம் என்று சொல்வது சரியாகாது. மிச்சமிருக்கும் 46 யூனிட் அடுத்த தவணையில் வந்திருக்கும், அதற்கும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த தவணை 400-க்குள் முடிந்தால் அந்த 46 யூனிட்டுக்கு 216 ரூபாய். அதைக் கழித்தால் உண்மையான நஷ்டம் 325 ரூபாய். யாரோ ஆறு நாள் தாமதமாக வந்ததற்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை இது. கணக்கீட்டாளரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆள் பற்றாக்குறையில், ஒருவரே பல பகுதிகளைச் சுற்றி வருகிறார். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், நாய் கட்டிய கேட்டுக்குள் என்று மீட்டர் இருக்கும் இடங்களையும் நாம் யோசிக்க வேண்டும்.

நாட்களுக்கு ஏற்றபடி ஸ்லாபையும், அதாவது விலை மாறும் யூனிட் வரம்புகளையும், நீட்டிக் கணக்கிட்டால் இந்தச் சிக்கலே வராது. 66 நாளென்றால் 500 என்ற கோடு 550 ஆக வேண்டும், அவ்வளவுதான். பில் போடும் மென்பொருளில் ஒரு வரி மாற்றம்.

2020 ஊரடங்கின்போது இந்த நாள் கணக்குப் பிரச்சினை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தது. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். "பணத்தைக் கழிக்காதீர்கள், அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைக் கழியுங்கள்" என்பது மக்கள் கேட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. வாரியத்தின் முறை சரியென்றே தீர்ப்பானது.

மாசாமாசம் ரீடிங் எடுத்தா பில் பாதியாயிடும்னு சொல்றாங்களே?

எல்லோரும் நம்பியிருக்கும் விஷயம் என்பதால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் மின் கணக்கீடு என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. நான்கு ஆண்டு கழிந்து 2025 நடுப்பகுதியிலும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு வரும் என்றார்கள். அந்த மீட்டருக்கான டெண்டர், கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

ஆனால் வந்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் முதல் மாதம் 200 யூனிட், அடுத்த மாதம் 300. இப்போதைய முறையில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,805 ரூபாய்.

ஸ்லாப்களை இப்போது இருப்பதுபோல் முழுசாக வைத்துக்கொண்டு மாதாமாதம் கணக்கிட்டால், முதல் மாதம் 235, இரண்டாம் மாதம் 705. மொத்தம் 940. பில் ஏறக்குறைய பாதியாகிவிடும். மக்கள் மனதில் இருப்பது இந்தக் கணக்கு.

மாதம் பாதி என்பதால் ஸ்லாபையும் பாதியாக்கினால், அதாவது 50 யூனிட் இலவசம், 250-இல் கோடு என்று வைத்தால், முதல் மாதம் 587.50, இரண்டாம் மாதம் 1,440. மொத்தம் 2,027.50. இப்போது கட்டுவதைவிட 222 ரூபாய் அதிகம்! காரணம் எளிது. மழைக்காலத்தில் குறைவாகவும் கோடையில் அதிகமாகவும் எரிக்கும் வீட்டுக்கு, இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு சமன் கிடைக்கிறது. மாதத்தைப் பிரித்தால் அந்தச் சமன் போய்விடும்.

ஆகவே கேட்பதைச் சரியாகக் கேட்போம். "மாதக் கணக்கீடு வேண்டும்" என்று மட்டும் கேட்டு அது பாதி ஸ்லாபோடு வந்தால் நாம் கேட்டு வாங்கிய சுமையாகிவிடும். "மாதத்துக்கு 100 யூனிட் இலவசமா, 50-ஆ?" என்பதை வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டணத்தை ஏத்துறது யாரு? மாநிலம் மத்தியைச் சொல்லுது, மத்தி மாநிலத்தைச் சொல்லுது.

சட்டப்படி தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாரியம் மனு போடும், ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்கும், பிறகு ஆணை வரும். 2022-இல் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் வந்தது.

மத்திய அரசின் கை, கடன் வழியாக வருகிறது. கட்டணத்தைத் திருத்தாவிட்டால் மின்விநியோகத் திட்டங்களுக்கான நிதியும் மத்திய நிறுவனங்களின் கடனும் கிடைக்காது என்று நெருக்கியதால்தான் ஏற்றினோம் என்று மாநில அரசு 2022-இல் சொன்னது. நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆம் பிரிவின்படி, எந்தப் பிரிவினருக்கும் சலுகை விலை கொடுக்க விரும்பினால் மாநில அரசு அந்தப் பணத்தை வாரியத்துக்குக் கொடுத்துவிட்டுச் செய்யலாம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசு அப்படித்தான் ஏற்றது. 2024-இல் 4.83% உயர்வை நம்மிடமே விட்டது. விக்கிரவாண்டி இடைத்தேர்தல் முடிவு வந்தது அந்த ஜூலை 13. உயர்வு அறிவிப்பு வந்தது 15. ஆக, யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு மூன்று பேரும் என்பதே என் பதில். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினால் ஏற்க வேண்டியதில்லை.

2022 உயர்வு நடுத்தர வீடுகளைத்தான் அதிகம் அடிச்சுதுன்னு சொல்றது உண்மையா?

உண்மை. எண்களே சொல்கின்றன. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரித்த வீட்டின் பில் 530-இல் இருந்து 675 ஆனது. 400 யூனிட்டுக்கு 830 என்பது 1,125 ஆனது. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய் கட்டியவர் 1,725 கட்டினார், பாதிக்கும் மேல் உயர்வு. ஆனால் 600 யூனிட் எரித்தவருக்கு 2,440 என்பது 2,750 ஆனது. அது 13% கூட இல்லை. இரண்டு பெட்ரூம் வீடு, ஒரு ஃபிரிட்ஜ், கோடையில் மட்டும் ஓடும் ஒரு ஏசி என்று இருக்கும் குடும்பங்கள் சரியாக அந்த 400–500 வரிசையில் நிற்கின்றன. தெருவில் சத்தம் அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. நிலைக்கட்டணத்தை ரத்து செய்தது ஒரு ஆறுதல் என்றார்கள். 500 யூனிட் வீட்டுக்கு அது இரண்டு மாதத்துக்கு 30 ரூபாய்தான்.

வாரியத்துக்கு ஏன் இவ்வளவு கடன்? நாமதான் ஒழுங்கா கட்டறோமே?

2022-இல் உயர்வை அறிவித்தபோது வாரியத்தின் கடன் சுமார் 1.59 லட்சம் கோடி ரூபாய் என்று அமைச்சர் சொன்னார். ஒரே நாளில் சேர்ந்ததல்ல இது.

2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை வீட்டுக் கட்டணம் ஏறவே இல்லை. அந்த எட்டு ஆண்டில் நிலக்கரி, ரயில் கட்டணம், சம்பளம் எல்லாம் ஏறின. ஏறாத கட்டணத்தைக் கொண்டாடினோம். வித்தியாசத்தை வாரியம் கடன் வாங்கி நிரப்பியது. கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன். ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் 2022-இல் ஒரே அடியாக விழுந்திருக்காது. எட்டு ஆண்டு தூங்கியதற்கு இரண்டு பெரிய கட்சிகளின் அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு.

இன்னொரு காரணம், புது மின்நிலையங்கள் நேரத்துக்கு வராதது. வடசென்னை மூன்றாம் நிலை 2024 மார்ச்சில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல நிலையமும் உடன்குடியும் பல ஆண்டுகள் இழுத்தன. பகலில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கிறது, ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது. ஆனால் சூரியன் மறைந்த பிறகு, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஏசியும் ஓடும் நேரத்தில் மின்சாரம் போதாது. மின்சந்தையில் யூனிட்டுக்கு உச்சவரம்பான 10 ரூபாய் வரை கொடுத்து வாங்கி, அதையே நமக்கு 2.35-க்கும் 4.70-க்கும் தர வேண்டியிருக்கிறது. 2024 மே 2-இல் தமிழகத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் எத்தனை வீட்டில் புதிதாக ஏசி மாட்டினார்கள் என்று எங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்தேன். ஏழு.

அப்போ விவசாயிக்கு இலவசமா கொடுக்கிறதாலதான் நமக்கு ஏறுதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பம்புசெட் இலவச மின்சாரத்துக்கான பணத்தை வாரியத்துக்கு அரசு மானியமாகத் தருகிறது, நம் பில்லில் அதற்கென்று தனி வரி எதுவும் இல்லை. அங்கே மீட்டர் இல்லாததால் எவ்வளவு ஓடுகிறது என்பது மதிப்பீடாகவே இருக்கிறது என்ற குறை நியாயமானது, வாரியத்தின் வேறு இழப்புகளும் அந்த மதிப்பீட்டுக்குள் மறைந்துவிட வாய்ப்பிருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லலாம். விவசாயியைக் குற்றவாளி ஆக்கத் தேவையில்லை.

அந்த உரிமை சும்மா கிடைக்கவும் இல்லை. 1970-இல் யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டாரமே திரண்டது. அந்த ஜூன் 19-இல் திருப்பூர் பக்கத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத் தெருக்களை அடைத்தார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்பது 1990-இல்தான் வந்தது. மின்கட்டணத்துக்காக உயிர் போன ஊர் இது. பெருமாநல்லூரில் நினைவிடம் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் இறங்கிப் பாருங்கள்.

கட்சிக்காரங்க போராட்டம் நடத்துறாங்களே, அதனால எதுவும் குறையுமா?

2020 ஜூலையில் தி.மு.க. எதிர்க்கட்சி. பில் கொள்ளை என்று வீடுகளில் கறுப்புக்கொடி கட்டினார்கள். 2022-லும் 2024-லும் அ.தி.மு.க. எதிர்க்கட்சி. அவர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு வீட்டு வீதம் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

குறிப்பாக ஒன்றைக் கேட்டுத் தொடர்ந்து நின்றவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. விசைத்தறியாளர்களுக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்டில் இருந்து 1,000 ஆனது 2023-இல். அபார்ட்மென்ட் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் இன்னொரு உதாரணம், அது அடுத்த கேள்வி.

அபார்ட்மென்ட்ல படிக்கட்டு லைட்டுக்கும் மோட்டாருக்கும் ஏன் யூனிட் 8 ரூபாய் போட்டாங்க?

2022 வரை அதுவும் வீட்டுக் கட்டணத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டு தனிப் பிரிவாக்கி, யூனிட் 8 ரூபாய் ஆக்கி, 100 யூனிட் இலவசத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆறு வீடு, எட்டு வீடு இருக்கும் சின்னக் குடியிருப்புகளில் பராமரிப்புத் தொகையே ஏறியது. குடியிருப்போர் சங்கங்கள் விடாமல் மனு கொடுத்தன. 2023 நவம்பர் முதல், 10 வீடு அல்லது அதற்குக் குறைவாக, மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் இதில் வந்தும் பில்லில் பழைய பிரிவே இருந்தால் உடனே மனு கொடுங்கள். வயதானவர்களுக்காக லிஃப்ட் வைத்த சின்னக் கட்டடத்தை இதிலிருந்து விலக்கியது தவறு என்றே நினைக்கிறேன்.

வாடகை வீட்டில் ஓனர் யூனிட் 9 ரூபாய், 10 ரூபாய்னு வாங்குறாங்க. கேட்கலாமா?

கேட்கலாம். நானும் முன்பு ஒரு வீட்டில், வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப்-மீட்டரில் யூனிட் 9 ரூபாய் கொடுத்தவன்தான். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், 1,620 ரூபாய். தனி மீட்டர் இருந்தால் இன்றைய வீதத்தில் அந்த 180 யூனிட்டுக்கு 188 ரூபாய்தான். ஏழைக் குடும்பம்தான் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறது. அரசு கொடுக்கும் 100 யூனிட்டும் பாதி விலைச் சலுகையும் அவர்கள் கைக்கே வருவதில்லை. மின்கட்டணக் கொள்கையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று குடித்தனம் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 500-ஐத் தாண்டி 9, 10 ரூபாய் ஸ்லாபுக்குப் போய்விடும். ஆனாலும் லாபம் வைத்து மின்சாரம் விற்கச் சட்டப்படி அவருக்கு உரிமம் கிடையாது. சண்டைக்குப் போகாமல், "அண்ணே, முழு பில்லையும் காட்டுங்க, யூனிட்டுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக்குவோம்" என்று கேட்டுப் பாருங்கள். வாடகைக்குப் போகும் முன்பே தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

கேஸ் சிலிண்டர் விலையும் இதே கதைதானா?

கதை வேறு, வலி ஒன்று. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 வரை போனது. அந்த ஆகஸ்டில் 200 குறைந்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் மார்ச்சில் இன்னும் 100 குறைந்து 818.50 ஆனது. 2025 ஏப்ரலில் 50 ஏறி 868.50. நம் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி என்பதால் வெளிச்சந்தை விலை ஏறினால் இங்கும் ஏறும். ஆனால் முன்பு வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்த மானியம் 2020 நடுவில் ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வாலா திட்டத்தில் இல்லாதவர்களுக்கு ஓசையில்லாமல் நின்றுபோனது. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்ற மாநில வாக்குறுதியும் வரவில்லை. கேஸை மிச்சம் பிடிக்க இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுபவர்கள் 500 கோட்டை மறக்க வேண்டாம்.

சோலார் போட்டா தீர்வா?

சொந்த மாடி இருந்தால் நல்ல வழி. ஒரு கிலோவாட்டில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் வரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். மிச்சம் கையிலிருந்து லட்சத்தை ஒட்டிப் போட வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கும் மாடி உரிமை இல்லாத அபார்ட்மென்ட்காரருக்கும் இதில் இடமில்லை.

சரி, இப்போ வீட்டில் என்ன செய்யலாம்?

ரீடிங் எடுத்துப் போன அன்று மீட்டரில் உள்ள எண்ணைத் தினசரிக் காலண்டரில் எழுதுங்கள். பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். எதிர்வீட்டு அக்கா இப்படித்தான் செய்கிறார். போன மே மாதம் 50-ஆம் நாள் அவருக்கு 431 யூனிட். நாளுக்கு எட்டரைக்கு மேல் ஓடுகிறது, இப்படியே போனால் 58-ஆம் நாளே 500 என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். கடைசிப் பத்து நாள் ஹாலில் பாய் விரித்து எல்லோரும் ஒரே ஏசியில் படுத்தார்கள். 494-இல் முடிந்தது.

ஃபேனை மாற்றுவதுதான் செலவுக்கு ஏற்ற பலன் தருவது. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது பிஎல்டிசி (BLDC) ஃபேன் 30 வாட்டுக்குள். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம்.

மீட்டரே வேகமா ஓடுதுன்னு சந்தேகமா இருக்கு. யாரிடம் போகணும்?

முதலில் நீங்களே பாருங்கள். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை என்பதுபோல ஒரு எண் முகப்பில் அச்சிட்டிருக்கும். எதுவும் ஓடாதபோதும் அது சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது அல்லது வேறு லைன் உங்கள் மீட்டரில் மாட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படிப் பார்த்தபோது, மாடித் தொட்டிக்குப் போகும் பொது மோட்டார் அவர்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

சிமிட்டல் நின்றும் சந்தேகம் தீரவில்லை என்றால், உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியிட்டு வாங்குங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் பதிவு செய்தால் புகார் எண் கிடைக்கும். அங்கும் தீராவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் வைக்கத் தேவையில்லை. கடைசி நான்கு பில், காலண்டர் தாளில் நீங்கள் எழுதிய எண்கள், மீட்டர் படம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். வழக்கமான தேதி தாண்டி ரீடிங் எடுத்ததால் 500-ஐக் கடந்தவர்கள், எத்தனை நாள் என்பதையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலையில் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையோடு வரட்டும், நான் எழுதித் தருகிறேன்.